மற்றவை

நீடாமங்கலத்தில் கேட் போட்டாயிற்று.
கூட்ஸில் நெல் ஏறுகிறது.
பெட்டிகளை வெட்டி, தள்ளி, திரும்பக் கோக்க வேண்டும்.
இருபது நிமிடமும் ஆகும், நாற்பதும் ஆகும்.
கரும்புச்சாறு வண்டியின் நிழலில்
கருவியின் மூக்கைச் சாலைப்பக்கம் திருப்பி வைக்கிறேன்.
அது உறிஞ்சத் தொடங்குகிறது.

என் முனைவர் பட்டத்துக்குப் பணம் தருவது
ஓசூரில் லாரி எஞ்சின் செய்யும் கம்பெனி.
மாதம் பிறந்தால் உதவித்தொகை,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி அறையில் விளக்கம்,
முத்திரைத்தாளில் பதினேழு பக்க ஒப்பந்தம்.
ஒன்பதாம் பிரிவைச் சுருக்கினால்:
அளந்ததெல்லாம் அளக்கச் சொன்னவருக்கு.

தலைப்பும் அவர்கள் தந்ததுதான்:
நிற்கும்போது தானே அணையும் எஞ்சின்,
டெல்டாச் சாலைகளில் அதனால் குறையும் புகை.
முதல் வருடக் கணக்கில்
ஓட்டுநர்கள் எல்லோரும் நல்லவர்கள்.
கேட் இறங்கியதும் சாவியைத் திருப்பினார்கள்,
ஏறியதும் மறுபடி திருப்பினார்கள்.
கணினிக்குள் அந்த லாரிகள்
பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன.

இங்கே முப்பத்தொரு வண்டி.
அணைத்தவை நான்கு.
அதில் ஒன்று, வாழைத்தார் ஏற்றிய குட்டியானை,
டீசல் தீர்ந்து தானாக அணைந்தது.

ஏன் ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று
போன தை மாதம் படிவத்தோடு
ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்கினேன்.
வலங்கைமானிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வீரபெருமாள்
என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.
"செல்ஃப் மோட்டார் செத்து எட்டு மாசமாச்சும்மா.
நிறுத்துனா தள்ளித்தான் எடுக்கணும்.
பத்து டன்னு. நீ தள்றியா?"
கிளீனர் பையன் சிரித்தான்.
அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற கோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் மற்றவை நிரம்பி
தாளின் முதுகுக்குப் போயிற்று.
பேட்டரி வீக். ஓனர் மாத்தித் தரமாட்டேங்குறார்.
ஃபேன் ஓடணும்.
கொள்முதல் நிலையத்துல மூணு ராத்திரி நின்னுட்டு வர்றேன்,
சத்தம் நின்னா தூங்கிடுவேன்.

ராகவேந்திர பட் நல்ல மனிதர்.
தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
மூன்று மாதத் தொகையை முன்னாலேயே அனுப்பியவர்.
கண்ணாடி அறையில் என் தாளைப் பொறுமையாகப் படித்தார்,
முதுகுப்பக்கத்தையும்.
"சுவாரசியமா இருக்கு, நூர்ஜஸீலா.
ஆனா இது நம்ம கேள்வி இல்லையே.
பின்னிணைப்புல வெச்சுக்கலாம்."
பழுதான மோட்டார்கள் எல்லாம் அவர்கள் செய்தவையா என்று
நான் கேட்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கேட் அறையிலிருந்து ஜெசிந்தா எட்டிப் பார்க்கிறாள்.
இந்தக் காற்றுக்குள் எட்டு மணி நேர டூட்டி.
என் வரைபடத்தில் அவள்
எண் மூன்று, ஏற்பிப் புள்ளி.
"எத்தனை வருசப் படிப்பு இது?"
நாலு என்கிறேன்.
"மேம்பாலத்துக்கும் நாலுன்னுதான் சொன்னாங்க."

நேற்று இரவு, மன்னார்குடி விடுதி அறையில்
ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பை அழித்தேன்.
'செல்ஃப் மோட்டார்' என்று அடித்தேன்.
அழித்தேன். மறுபடி அடித்தேன்.
சேமித்துவிட்டுத்தான் படுத்தேன்.
காலையில் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

கடைசிப் பெட்டி கடக்கிறது.
கேட் எழுகிறது.
மூடியிருந்தபோது ஏறாத எண்கள்
இந்த ஒன்றரை நிமிடத்தில்தான் உச்சிக்குப் போகும்,
முப்பது வண்டியும் ஒன்றாக முக்கும்போது.
திரையைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது.

குட்டியானை நகரவில்லை.
பின்னால் ஹாரன், அதற்கும் பின்னால் ஹாரன்.
ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துத்
தோளால் முட்டுகிறார்.
கருவி அது பாட்டுக்கு உறிஞ்சட்டும் என்று
போய்ப் பின்பக்கம் கை வைத்தேன்.
வாழைத்தாரில் டீசல் வாசனை.
ஓரம் கட்டும்வரை நான் இழுத்த மூச்சு
எந்தக் கோப்பிலும் பதிவாகவில்லை.
அது யாருக்குச் சொந்தம் என்று
ஒன்பதாம் பிரிவில் தேடிப் பார்க்க வேண்டும்.