பாட்டில் பச்சை

பதிமூன்றாம் வளைவில் விழுந்தது நான்.
அடி பட்டது சைக்கிளுக்கு.
முழங்கை பத்து நாளில் ஆறிவிட்டது.
கீழ்க்குழாயில் மட்டும்
கட்டைவிரல் உட்காருமளவு ஒரு பள்ளம்.
அதைச் சுற்றிச் சிவப்பு உரிந்து
மார்கழி முடிவதற்குள் துரு.

எல்லாவற்றையும் கழற்றினேன்,
சக்கரம், செயின், கைப்பிடி, சீட்டு.
மிஞ்சிய எலும்பைத் தோளில் மாட்டி
ஐந்து ரோட்டில் டவுன் பஸ் ஏறினேன்.
லக்கேஜ் போடலாமா என்று
இரண்டு ஸ்டாப்பிங் யோசித்தார் கண்டக்டர்.
"சைக்கிள்னா டிக்கெட் உண்டு.
இது இப்ப சைக்கிளா இல்லையே."

ஜாகிர் அம்மாபாளையத்தில் பெரியண்ணன் பட்டறை.
அவர் அடுப்பு ஓர் அறை.
அணைந்திருந்தால்
நிமிர்ந்தே நடந்து போய் வரலாம்.
"ஒத்த சைக்கிளுக்கு
இதப் பத்த வைக்க முடியாதும்மா.
வெள்ளிக்கெழம அழகாபுரத்து வீட்டு கேட்டு ஒண்ணு,
கிரில்லு ஏழு உள்ள போகுது.
அதே கலர்னா அறுநூறு.
உன் கலர்னா மூவாயிரம்."

என் கலர் என்று ஒன்று இருந்தது.
செல்லில் காட்டினேன்:
மழை விட்ட சாயங்காலம்,
கோரிமேட்டிலிருந்து எடுத்த மலை.
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
விரிக்க விரிக்க நீலம் போய்
மரமும் பாறையும்
ஒரு செல்போன் டவரும் வந்தன.
"இது கலர் இல்லம்மா, தூரம்.
டப்பால வராது."

அழகாபுரத்துக்காரர்
என்ன கேட்டிருக்கிறார்?
"பாட்டில் பச்சை."
சரி என்றேன்.
அறுநூறு என்பதும் ஒரு நிறம்தான்.

மணல் அடித்தவன் பிகாஷ்.
பெடல் அச்சு உட்காரும் மரையில்
டேப் ஒட்டச் சொல்லலாமென்று போனால்
ஏற்கெனவே ஒட்டியிருந்தான்,
என்னைவிட நேராக.
சாம்பல் நிற இரும்பு
தோலில்லாமல் கொக்கியில் தொங்கியது.
சிவப்புக்கு அடியில் நீலம் இருந்ததாம்,
முன்னால் வைத்திருந்தவர் யாரோ அடித்தது.
என்ன நீலம்?
கையை விரித்தான்.
தரையில் மணலோடு மணலாக
ஏதோ கிடந்தது.

பள்ளத்தைப் பட்டி வைத்து மூடலாமா?
"எரநூறு டிகிரில பட்டி நிக்காது.
பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும்.
என்ன, பச்சையா இருக்கும்."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன்.
ஆபீஸில் சொன்ன காரணம் வேறு.
துப்பாக்கியிலிருந்து புகையாய்க் கிளம்பிய தூள்
வளைந்து, குழாயின் முதுகுப்பக்கமும் போய்
தானாகவே ஒட்டிக்கொண்டது.
இப்போது ஊதினால் பறந்துவிடும் என்றான் பிகாஷ்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கேட்டுக்கும் ஏழாவது கிரில்லுக்கும் நடுவே
என் சைக்கிள் உள்ளே போனது,
சொந்தக்காரர் கல்யாண போட்டோவில்
ஓரத்தில் நுழைந்த ஆள் மாதிரி.
கேட்டின் நடுவில்
வாத்தைப் போல ஓர் அன்னம்.
கதவைச் சாத்தினார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு விடிகாலை
மலைக்குப் போகிற வழி,
அழகாபுரத்தில் தெருத் தெருவாகச் சுற்றினேன்.
தேடவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.
நான்காவது குறுக்கில் அன்னம்.
சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.
சக்கரம் இரண்டும் தெரிந்தன,
நடுவே கேட்டுதான் இருந்தது.

"ஏம்மா, கேட்டுல சாய்க்காதீங்க,
புதுப் பெயின்ட்."
செடிக்குத் தண்ணீர் விட்ட ஹோஸோடு
ஒருவர் வந்தார்.
இதுவும்தான் சார் என்றேன்.
சைக்கிளைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.
செருப்பு நனைவதைப் பார்க்கவில்லை.
"பெரியண்ணன் கிட்டயா?"
ஒரே அடுப்பு சார். ஒரே நாள்.

குனிந்து கீழ்க்குழாயைத் தடவினார்.
விரல் சரியாக அங்கே போய் உட்கார்ந்தது.
"இங்க பள்ளம் விழுந்திருக்கே!"
ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.
பதிமூன்றாம் வளைவை
அவரிடம் ஏன் சொல்ல?

நான் ஏறி மிதித்துத்
தெரு முனையில் திரும்பும்போது
அவர் தன் கேட்டை,
அன்னத்தின் கழுத்திலிருந்து தொடங்கி
கம்பி கம்பியாகத்
தடவிக்கொண்டிருந்தார்.