ஏழு டைல் தூரம்

புடு ரோட்டில் மழை.
ஃபூங் கடைக் கண்ணாடி மேசையில்
மூடி கழற்றிய மூன்று லென்சுகள்.
முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து.
என் சட்டைப்பையில் அறுநூறு வெள்ளி,
அதில் இருநூறு யோகமலருடையது.

சூபா டுலு, போட்டுப் பார் என்றார் ஃபூங்.

எண்பத்தைந்தை மாட்டினேன்.
அவருடைய வலது கண்ணும் பாதி மூக்கும் வந்தன.
பின்னால் நகர்ந்தேன், புருவம் சேர்ந்தது.
இன்னும் நகர்ந்தேன், தாடை.
தோள் வருவதற்குள்
அஞ்சடியில் நின்றிருந்தேன், முதுகில் சாரல்.
நாலு நம்பர் எழுதிவிட்டு வந்த ஒருவர்
எனக்கும் ஃபூங்குக்கும் நடுவே
குடையோடு நடந்து போனார்.

என் கேமராவுக்குச் சின்னச் சென்சார்.
லென்ஸ் கொட்டும் வட்டத்தில் ஓரத்தையெல்லாம் கழித்துவிட்டு
நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
ஐம்பதை வாங்கினால் எழுபத்தைந்தாக நடந்துகொள்ளும்.
எண்பத்தைந்து, நூற்றிருபத்தேழரை.
ஃபூங் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்
எனக்குத் தெரியாதது போல.

முப்பத்தைந்து மலிவு.
முட்டுகிற அளவு நெருங்கி ஒன்று எடுத்தேன்.
திரையில் தன் மூக்கைப் பார்த்தவர்
கேட்காமலே பத்து வெள்ளி குறைத்தார்.

படம் யோகமலருக்கு.
ஹோட்டல் சலவைப் பிரிவு, இரண்டாம் கீழ்த்தளம்.
போன வருடம் பிரஸ் மெஷினின் ஆவிக்குழாய் பிய்ந்ததில்
இடது தாடையிலிருந்து கழுத்துவரை
இஸ்திரிக்கு அடங்காத துணி.
இப்போது சங்கக் கிளைச் செயலாளருக்கு நிற்கிறாள்.
நோட்டீசில் போட ஒரு முகம் வேண்டும்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன்.
எண்பத்தைந்து, துளை முழுக்கத் திறந்து,
முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி
வலக் கண்ணில் குறி வைத்தால்
தாடைக்குப் போவதற்குள் எல்லாம் பனி.
யாரும் மறைத்தேன் என்று சொல்ல முடியாது.
லென்சின் குணம் அது என்பேன்.

நேற்று செந்தூலில் அவள் வீட்டில் அளந்தேன்.
டைல் ஒன்று ஓரடி.
ஜன்னலோரம் நாற்காலி.
எண்பத்தைந்துக்குப் பன்னிரண்டு டைல்:
சோபாவைத் தாண்டி, செருப்பு அலமாரியைத் தாண்டி,
கிரில் கதவுக்கு வெளியே
லிஃப்டுக்கு எதிரில்.

"அங்கேருந்து சிரின்னு எப்படிச் சொல்வ? போன் போட்டா?"

"படத்துல கிட்ட நின்ன மாதிரிதான் இருக்கும்."

"மாதிரி எதுக்கு?
எங்க ஆளுங்க எங்கிட்ட எவ்ளோ தூரத்துல நிப்பாங்க தெரியுமா.
நடுவுல ஒரு வண்டி பெட்ஷீட். அவ்ளோதான்.
அங்கேருந்து என்ன தெரியுதோ அது தெரியட்டும்.
இதைப் பார்த்துத்தான்லா ஓட்டே."

சலவை வண்டியின் நீளம் எனக்குத் தெரியும்.
விருந்துக் கூடத்து மேசைவிரிப்புகளை
எட்டு வருடமாக அதில்தான் கீழே தள்ளிக்கொண்டு போகிறேன்.
இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவள் கை,
நடுவில் சாம்பார் கறை, கறி கறை, ஒயின் கறை.
சேர்த்து ஏழு டைல்.

ஐம்பதை மாட்டினேன்.
ஃபூங்கை எழுப்பி நிற்கவைத்து
ஏழடி எண்ணி நின்றேன்.
இடுப்புவரை வந்தார்.
பின்னால் ட்ரைபாடுகள் கொஞ்சம் கலங்கி நின்றன.
என்ன அப்படிப் பார்க்கிறாய் என்றார்,
பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.
நானும் அதே குரலில் ஒன்றுமில்லை என்றேன்.

முன்கண்ணாடியில் முடியளவு கீறல்.
படத்தில் வராது என்றார்.
அது வராது என்று எனக்கும் தெரியும்.
தெரிந்தே அதைக் காட்டி
முப்பது வெள்ளி குறைத்து வாங்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.
எஃப் நாலு வைத்தால்
கண்ணும் கழுத்தும் இரண்டும் நிற்கும் என்று நினைக்கிறேன்.
ஐந்து புள்ளி ஆறென்றால் நிச்சயம்.
ஆனால் அந்த ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பதினேழு மாடி.
வெளிச்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.
மழை இல்லாமல் இருக்கணும்.