மாதிரி எண் பதினேழு

கப்பலூர் தொழிற்பேட்டையில் எங்கள் மசாலா ஆலை.
நான் ஆய்வகத்தில்.
பதினோரு வருஷமாக
சிவப்புக்கு மதிப்பெண் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது
உள்ளங்கை உயரத்தில் ஒரு புட்டி.
ஹங்கேரி பாப்ரிகா.
மேலாளர் அருள்ஜோதி கடிதத்தைப் படித்தார்:
இதே நிறம் வேண்டுமாம்.
காரம் கூடவே கூடாதாம்.

மூடியைத் திறந்தேன்.
பழகிய தும்மல் மூக்கு நுனிவரை வந்து
பூட்டிய வீடென்று திரும்பிப் போனது.
ஒரு சிட்டிகை நாக்கில்.
முதலில் இனிப்பு மாதிரி,
பிறகு வெயிலில் வற்றிய தக்காளித் தோல் மாதிரி,
பிறகு
காத்திருந்தேன்.
இலை போட்டு, தண்ணீர் தெளித்து,
யாரும் பரிமாற வராத பந்தியில்
உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இதுவும் மிளகாய்தான்.
கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த செடி.
ஒரு கிளை துருக்கியர் வழியே குளிர்நாட்டுக்குப் போனது.
அங்கே சாதுவான விதையாகப் பொறுக்கிப் பொறுக்கி
அதன் கோபத்தை மறக்கடித்தார்கள்.
ஒரு கிளை பறங்கிக் கப்பலில்
நம் கரையில் இறங்கியது.
சொந்தப் பெயர் கொண்டுவரவில்லை.
மிளகிடம் பெயரை இரவல் வாங்கி
பின்னால் ஒரு காயைச் சேர்த்துக்கொண்டது.
இரவல் வாங்கியது
வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது.
மிளகு இப்போது
ரசத்திலும் சளிக்காய்ச்சலிலும் குடியிருக்கிறது.

கமுதியிலிருந்து தரகர் வழிவிட்டான்
ஒரு சாக்கு முண்டு கொண்டுவந்தார்.
கோலிக்குண்டு அளவு, காதருகே ஆட்டினால்
விதை கிலுகிலுக்கும்.
அரைத்து, அசிட்டோனில் ஊறவைத்து
ஒளிமானியில் வைத்தேன்.
முப்பத்திரண்டைத் தாண்டவில்லை.
சாத்தூர் சம்பாவும் அப்படித்தான்,
உடம்பெல்லாம் உறைப்பு, நிறத்தில் ஏழை.
கடைசியில் கர்நாடகத்து பியாடகி,
கிழவன் விரல் போலச் சுருங்கியது,
விதை நீக்கி அரைத்தால்
புட்டிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

'நிறம் பத்தலண்ணே' என்றேன்.
'காரமில்லாம எதுக்கும்மா மிளகா?
நெத்தியில வச்சுக்கவா?' என்றார்.
சாக்கை அங்கேயே விட்டுவிட்டு
டீ குடிக்கப் போனவர்
திரும்ப வரவில்லை.

சோதித்து மிஞ்சியது இரண்டு ஸ்பூன் இருக்கும்.
காகிதத்தில் மடித்துக்கொண்டேன். திருட்டுதான்.

வில்லாபுரத்தில் எங்கள் வீடு.
என் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி
மினிபஸ் ஓட்டுகிறார்.
வயிற்றுப்புண்.
இரண்டு வருஷமாக அவர் தட்டில்
மோர்ச்சோறு, சீனி தொட்ட இட்லி, அவித்த கேரட்.
தெருமுனையில் சால்னா கொதிக்கும் நேரம்
ஜன்னலைச் சாத்திவிடுவார்.

அன்றைக்கு கால் கிலோ ஆட்டுக்கறி.
உப்புக்கறிதான், ஆனால் முண்டு கிள்ளிப் போடவில்லை.
நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு,
கறி வெந்து வற்றியதும்
சட்டியை இறக்கிவைத்தேன்.
சர்க்கரை உள்ள தூள் இது,
நெருப்பில் போட்டால் கசந்துவிடும்.
இறக்கிய சூட்டில் தூவினேன்.
எண்ணெய் சிவந்து
சட்டி ஓரம் வரை வந்தது.

தட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
'சாகட்டும்' என்று பிசைந்தார்.

இரண்டாவது வாய்க்கு மூக்கை உறிஞ்சினார்.
நாலாவது வாய்க்கு
நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.
துண்டால் துடைத்துக்கொண்டு
ஸ்ஸ்… என்று காற்றை இழுத்தார்.
தண்ணீர் கேட்டார்.
ஒன்றும் சொல்லாமல்
சொம்பில் கொடுத்தேன்.

மறுநாள் பதிவேட்டில்
மாதிரி எண் பதினேழு,
காரம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் என்றுதான் எழுதினேன்.
எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.

வழிவிட்டானின் சாக்கு
இன்னும் ஆய்வக வாசலில் கிடக்கிறது.
யார் அந்தப் பக்கம் போனாலும்
தும்மிவிட்டுத்தான் போகிறார்கள்.