நாற்பத்தொன்றாவது நிமிடம்

நேற்று இரவு எட்டு மணியிலிருந்து வெறும் தண்ணீர்.
கெண்ட் ரிட்ஜ் குன்றில் ஏழாவது மாடி,
குளிரூட்டியின் நேர்கீழே என் நாற்காலி.
இங்கே நான் மீரான் இல்லை,
பதினேழு.

வெள்ளைக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கு மசியல்,
அதனுள் முப்பது கிராம் எண்ணெய்.
எது என்று உங்களுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது, என்றாள் மேய் ஷுவான்.
பெயர்கள் உறைக்குள் பூட்டிக் கிடக்கின்றனவாம்.

பத்தொன்பது வருடம் பிடோக்கில் கறிபஃப் பொரிப்பவன்.
கிண்ணம் மேசைக்கு வருமுன்னே
மூக்குக்குத் தெரிந்துவிட்டது: சூரியகாந்தி.
வாயைத் திறந்தேன்.
"அங்கிள், ப்ளீஸ். சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும்."
விழுங்கினேன்
மசியலையும் சொல்லையும்.

போன மாதம் செம்பனை. அதையும் சொல்லவில்லை.
அடுத்தது எள்ளாக இருக்கட்டும்.
எண்ணெய் என்ற பெயரே அதனுடையதுதான்,
மற்றதெல்லாம் இரவல் வாங்கியவை.

இரண்டு மணிக்கொரு குழாய்.
காலையில் எடுத்ததைச் சுழற்றியபோது
மேலே தெளிந்த மஞ்சள்.
பதினொரு மணிக்கு எடுத்ததில்
யாரோ பால் ஊற்றியிருந்தார்கள்.
"இது நான் சாப்பிட்டதா?"
"நீங்கள் சாப்பிட்டதுதான்."

எண்ணெய் காறும், அது எனக்குப் புதிதில்லை.
மூடாத போத்தலில், தகரத்தின் அடியில்,
நாலாம் நாள் சட்டியில் நுரை அடங்க மறுக்கும்போது.
உள்ளேயும் காறுமாம்,
நாம் இழுக்கும் அதே மூச்சினால்.
கொழுப்பின் சங்கிலியில்
சில இடங்களில் இரட்டைக் கட்டு.
இரட்டை முடிச்சு கெட்டி என்றுதானே நினைப்போம்?
அங்கேதான் முதலில் அவிழ்கிறது.
சூரியகாந்தியில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம்.
அதற்காகச் செம்பனையைத் தலையில் வைத்து ஆடாதீர்கள்,
அதன் கணக்கு வேறு, என்றாள்.

ஓர் ஓரத்தில் போன மாதத்து என் மஞ்சள்.
அதில் செம்பு உப்பு ஒரு துளி விடுகிறாள்.
புளிக்குழம்பைச் செம்பில் வைக்கக் கூடாது என்பது
சமையல்காரனுக்கு முதல் பாடம்.
இங்கே வேண்டுமென்றே வைக்கிறார்கள்.
திரையில் ஒரு கோடு,
தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.
காவலுக்கு வைட்டமின் இ.
அது தீர்ந்ததும் கோடு எழுந்து நிற்கும்.
அந்த நிமிடத்துக்காகக்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்,
எந்த உறையிலும் இல்லாத எண்ணெய்.

"எவ்வளவு?"
சொல்லக் கூடாதுதான்.
கையுறை விரலால் மேசையில் எழுதினாள்: 41.
"நல்லதா?"
முப்பத்திரண்டு பேரின் சராசரி வந்தால் தெரியும் என்றாள்.
சராசரியில் என் நாற்பத்தொன்று
குழம்பில் உப்புப்போலக் கரைந்துவிடும்.

பஞ்சு, பிளாஸ்திரி,
எண்பது வெள்ளிக்கு ஃபேர்பிரைஸ் பற்றுச்சீட்டு.
பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கைக்கடிகாரம் பார்த்தேன்.
மழை. ஜன்னலில் நீர் வரி வரியாய்.
ஓட்டுநர் ஒவ்வொரு சிவப்பிலும் பெருமூச்சு விட்டார்.
காலாங் ஆற்றைத் தாண்டும்போது
நாற்பத்தொன்று ஆகியிருந்தது.
இந்த இடத்தில் செம்பனை கைவிட்டிருக்கும்.
சூரியகாந்தி எங்கே இறங்கியதோ.
சைனா டவுனிலா,
இல்லை இன்னும் என் பக்கத்தில்தான் இருக்கிறதா?

கைபேசி அதிர்ந்தது. ஜொகரா.
"நாலாம் நாள் எண்ணெய். இன்னும் ஒரு தட்டு தாங்குமா?"
கொட்டிவிடு என்று தட்டினேன்.
ஒரு தகரம் என்ன விலை என்று யோசித்தேன்.
அழித்தேன்.
"வந்து முகர்ந்து பார்க்கிறேன்"
என்று அனுப்பினேன்,
நாற்பத்தாறாவது நிமிடத்தில்.