செக்கிங் டேபிள்

பனியன் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை
குறை கண்டுபிடிப்பது.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்;
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளுவேன்.
ஷிஃப்டுக்கு எண்ணூறு பீஸ்.

என் கன்னத்தில் ஒட்டியிருந்ததை மட்டும்
இரண்டு வருசம் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

வேசகாலத்து வெயில் என்றார்கள்.
மங்கு என்று களிம்பு கொடுத்தது மருந்துக்கடை.
விரல் மடங்காத காலைகளுக்கு ஓவர்டைம் காரணம்,
சீப்போடு வந்த முடிக்கு போர்த்தண்ணி,
விட்டுவிட்டு அடித்த காய்ச்சலுக்கு டைபாய்டு,
பிறகு இன்னொரு தடவை டைபாய்டு.
ஒறம்பரையில் ஒருத்தி
பொங்கலூர்ப் பக்கம் மந்திரிக்கச் சொன்னாள். போனேன்.
எலுமிச்சம்பழம் அறுபது ரூபாய்.

கோயமுத்தூரில் அந்த டாக்டரம்மா
கன்னத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் கிட்டே இழுத்தார்.
வாயில் வலிக்காத புண் வருதுங்களா?
ஒண்ணுக்குப் போனால் நுரை நிற்குதுங்களா?
எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றேன்,
முதல்முறையாகப் பரீட்சையில் விடை தெரிந்தவளாட்ட.

ஏழு குழாய் ரத்தம்.
ஒரு நாள் மூத்திரம் முழுக்க ஒரு கேனில்.
லூபஸ் என்றார்.
உடம்பின் காவலே உடம்பை அடிக்கிறது என்றார்.

எனக்குப் புரிந்தது வேறு மாதிரி.
உள்ளே ஒருத்தி இருக்கிறாள், என்னைவிடச் சுறுசுறுப்பு.
நல்ல பீஸுக்கெல்லாம் அம்பு ஒட்டுகிறாள்
மூட்டில், தோலில், இப்போது கிட்னியில்.

அவளை வேலையை விட்டு நிறுத்த முடியாதுங்களா?

நிறுத்தினால் சளிக்கே போய்ச் சேருவீங்க, துளசிமணி.
கை வேகத்தைக் குறைக்கலாம்.
ஆயுசுக்கும் குறைத்துக்கொண்டே இருக்கணும்.

மாத்திரைச் சீட்டை நீட்டினால்
மலேரியாங்களா என்கிறான் கடைப்பையன்.
அது கண்ணைத் தொடாதிருக்க வருசம் ஒரு கண் பரிசோதனை.
ஸ்டீராய்டில் முகம் உப்பியதும்
இப்பத்தான் பூசினாப்பல இருக்கறே என்று
சந்தோசப்பட்டாள் பக்கத்து டேபிள் பூவாத்தா.
பல்லடத்திலிருந்து வரும்போதும் வலப்பக்கம் வெயில்,
திரும்பும்போதும் வலப்பக்கம்.
நல்லவேளை, பெண்கள் சீட்டு இடப்பக்கம்.

போன மாசம் ரிப்போர்ட்டில் புரதம் இறங்கியிருந்தது.
போயிருச்சுங்களா?
அடங்கியிருக்கு.
ரசீதோடு அந்தச் சொல்லையும் மடித்துப் பையில் வைத்தேன்.

இன்றைக்கு ஒரு குழந்தைச் சட்டை.
தோளில் அரை விரல் நீளம் பிசிறு.
அம்பை உரித்த கை சித்த நேரம் நின்றது.
கத்தரியால் பிசிறை நறுக்கி
பாஸ் பக்கம் போட்டேன்.

சூப்பர்வைசர் போனில் இருந்தார்.