பெங்களூரா கூழ், டிரம் ஒன்றுக்கு

போன சீசனில் நாங்கள் அனுப்பிய
ஆறாயிரத்துச் சொச்சம் மெயில்களும்
ஸ்பேமுக்குப் போயின என்று தெரியவர
எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.
கிழித்து எறிகிற குப்பை என்றால்
எறிகிற கையாவது அதைத் தொட்டிருக்கும்.
இது முப்பது நாள் கிடந்து
தானாக அழிகிற குப்பை.

"மாம்பழம் அழுகினா ஈ வரும்,
மணந்தா ஆள் வரும்,
நம்ம மெயிலுக்கு ரெண்டும் வரலையே முனிலட்சுமி"
என்றார் ஃபயாஸ் பாய்.
காவேரிப்பட்டணம் ரோட்டில்
லோடு இறக்கக் காத்திருந்த டிராக்டர்களின் வரிசை
கேட்டைத் தாண்டி வளைந்திருந்தது.

முதலில் ஆச்சரியக்குறிகளைப் பொறுக்கினேன்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
ஒரே தலைப்பில் ஏழு இருந்தன.
அப்புறம் 'இலவசம்'. அப்புறம் 'உடனே'.
அப்புறம் 'இன்று மட்டும்':
அதை நாற்பது நாள் அனுப்பியிருந்தோம்.

பெங்களூரில் ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கிய பட்டியலில்
மூடிப்போன கம்பெனிகள்,
வேலையை விட்டுப் போனவர்கள்,
ஒரு பல் டாக்டர்,
எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பள்ளிக்கூட நூலகம்.
அழிக்க அழிக்க
மிஞ்சியது முந்நூற்றுப் பதினாறு.
பாய் திரையைப் பார்த்தார்,
ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கையெழுத்து.
இந்தக் கடிதம் எங்கள் கேட்டிலிருந்துதான் கிளம்பியது
என்பதற்கு நீள நீளமாய் எழுத்துச் சரம்,
ஒரு புள்ளி பிசகினால் போச்சு.
ஜூஜுவாடி செக்போஸ்ட்டில்
லாரி டிரைவர் நீட்டுகிற பேப்பர் மாதிரி.
சரக்கு எவ்வளவு இனிப்பு என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.

அதற்கும் பிறகு, சூடேற்றல்.
ஒரே நாளில் கொட்டக்கூடாதாம்.
இன்று பத்து, நாளை பதினைந்து,
யாராவது திறக்க வேண்டும்,
யாராவது பதில் போட வேண்டும்.
ஃபேக்டரியில் எல்லோரிடமும் கேட்டேன்.
கணக்குப்பிள்ளை 'ஓகே' என்று போட்டார், தினமும்.
லேப் ருக்சானா கட்டைவிரல் காட்டினாள்.
பாய்லர் திம்மராயன் மட்டும்,
பையனின் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த முகவரியிலிருந்து,
எழுதினார்:

'டிரம் விலை எனக்கெதுக்கும்மா.
விறகு ஈரம். புகை ஜாஸ்தி.'

மறுநாள்:
'பெண்ணையாத்துல தண்ணி வந்திருக்கு.'

அதற்கு மறுநாள்:
'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரேன்னு போட்டிருக்க.
நான் எதையும் வாங்கலையே.
பேர் போட்டு எழுது.
உன் பேரையும் போடு.
சேல்ஸ் டீம்னு யார் இங்க இருக்கா?'

முந்நூற்றுப் பதினாறு பேரைப்
பேர் பேராய்த் தேடி எழுதினேன்.
அடியில் என் பெயர், ஊர்,
இந்த வாரம் வந்த பழத்தின் பிரிக்ஸ் அளவு,
வேண்டாமென்றால் விலக ஒரு சுட்டி,
கண்ணுக்குத் தெரிகிற அளவில்.

மூன்றாம் வாரம் ரோட்டர்டாமிலிருந்து
முதல் பதில் வந்தது.
'என் பெயரை நீக்கிவிடுங்கள், நன்றி.'
நான் சிரித்த சிரிப்பில்
பாய் ரூமிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.
"படிச்சிட்டு வேண்டாங்கறான் பாய்!
படிச்சிட்டு!"
அவருக்கு விளங்கவில்லை.
அந்த நிமிஷமே நீக்கினேன்.
முந்நூற்றுப் பதினைந்து.

ஆர்டரும் வந்தது, அது வேறு கதை,
விலையில் அடித்துப் பிடித்து
இரண்டு கன்டெய்னர்.

கடைசி லோடு போன வாரம்
காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தேன்.
திரும்பி வந்து
சும்மாதான், ஒரு பழக்கத்தில்,
என்னுடைய ஸ்பேமைத் திறந்தேன்.
லாட்டரி, கடன், முடி வளரும் எண்ணெய்,
நடுவில் திம்மராயன்,
தலைப்பில்லாமல், மூன்று நாள் பழசாய்:

'ரெண்டு நாளா மெயில் வரல.
பாய்லர் நல்லாத்தான் இருக்கு.
உனக்கு என்னாச்சு?'

பதில் தட்ட உட்கார்ந்தவள்
எழுந்து பாய்லர் பக்கம் நடந்தேன்.
விறகு காய்ந்திருந்தது.