முன்பணம்

ஒன்பது கூஸ் வாத்துகளையும்
ஞாயிற்றுக்கிழமை விலை பேசினேன்.
சேவல் நான்கு, பெட்டை ஐந்து.
வாடிப்பட்டி கறிக்கடை ஜபருல்லா
ஆயிரத்து ஐந்நூறைக் கையில் வைத்து
மீதி, பெட்டி ஏற்றும்போது என்றார்.

தென்னைக்கு அடியில் களையெடுக்க ஆள் வேண்டாம்,
நாய்க்குப் போடும் சோறு மிச்சம்.
யூடியூபில் அப்படித்தான் சொன்னார்கள்.
கோரையை விட்டுவிட்டுக்
கனகாம்பரக் கன்றைத் தின்னும் என்று
யாரும் சொல்லவில்லை.

மழை தப்பிய ஆவணியில்
பாதியாய் அறுத்த சின்டெக்ஸ் தொட்டிக்குள்
முறை வைத்துக் குளித்தன.
குளித்த தண்ணீரை வாழைக்கு ஊற்றினேன்.
போர் முந்நூறு அடியிலிருந்து
காற்றை இறைத்துக்கொண்டிருந்தது.

மீட்டர் கணக்கெடுக்க வரும் பையன்
கேட்டுக்கு வெளியே நின்று போன் போடுவான்:
"அக்கா, அதுகளப் பிடிங்க."
குழுப்பணம் வசூலிக்கும் பஞ்சவர்ணம் மட்டும்
குடையை விரித்தபடி உள்ளே வந்துவிடுவாள்.
விரித்த குடை என்றால் அவற்றுக்குப் பயம்.
அவளிடம் அதை யார் சொன்னது?
என் வீட்டுக்காரர்தான் என்று நினைக்கிறேன்.
அவர் சத்தியம் செய்கிறார்.

செவ்வாய் இரவு, இரண்டு மணி.
ஒன்பதும் ஒரே தொண்டையாய்.
சாரையோ கீரியோ ஆளோ என்று
டார்ச்சும் கம்புமாய்ப் போனால்
கழுத்துகள் எல்லாம் தெற்கே,
வேலிக்கு அப்பால்
ஒன்றுமில்லாத இருட்டைப் பார்த்து.
"விடிஞ்சாப் போகப்போற கழுதைகளா,
இந்த ராத்திரியாவது தூங்குங்க."

வந்து படுத்த பிறகுதான்
மூக்குக்குத் தெரிந்தது
காய்ந்த மண் நனைகிற வாடை,
அதில் கொஞ்சம் ஷட்டர் துரு.
பெரியாறு கால்வாய்.
வியாழக்கிழமை திறப்பதாக அல்லவா
பேப்பரில் போட்டிருந்தது.

விடியக் கேட்டைத் திறந்தேன்.
என்னை இடித்துத் தள்ளி ஓடின,
இறக்கையைப் பாதி விரித்து,
கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுவதுபோல.
இன்குபேட்டரில் பொரித்தவை.
முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்ததில்லை.
கிளைக்காலில் நுரையும்
ஒற்றைச் செருப்பும்
குவார்ட்டர் பாட்டிலும் வந்துகொண்டிருக்க
அவற்றின் நடுவே இறங்கி
சத்தம் இல்லாமல் ஆயின.
அந்த அமைதியை அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஆறரைக்குக் குட்டியானை வந்து நின்றது.
தவிட்டுச் சட்டியைத் தட்டினேன்.
எந்நேரமும் ஓடிவரும் சத்தம்.
மெதுவாகத்தான் தட்டினீர்கள் என்று
பிறகு ஜபருல்லா சொன்னார்.
அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
லுங்கியைத் தூக்கிக் கட்டி
கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார்.
"முதல் தண்ணி" என்றார்,
வேறு யாரிடமோ சொல்வதுபோல.

அவை இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன,
சோணைமுத்து வாழையைத் தாண்டி,
மோட்டார் ரூமைத் தாண்டி.
நான் கரையோரம் நடந்துகொண்டே எண்ணினேன்.
ஏழு. எட்டு.
ஒன்று பாலத்துக்கு அடியில் இருக்க வேண்டும்.

முந்தானையில் முடிந்திருந்த
ஆயிரத்து ஐந்நூறில்
அறுநூறு திங்கட்கிழமையே
உரக்கடைக்குப் போயிருந்தது.